வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக் குழம்பும் சாறும்: ஒரு வரலாறு

குழம்பும் சாறும் சோற்றோடு சேர்த்து உண்ணப்படும் நீர்த்த உணவு வகைகள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஊர்ப்புறக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகிய இடங்களில் இவை மூன்று சேமிப்புப் பொருள்களைச் சுற்றி வளர்ந்துள்ளன. அவை புளி, கருவாடு, வெயிலில் உலர்த்திய வெங்காய வடகம். கோடையில் சேமித்ததை மழையிலும் பஞ்சத்திலும் சோற்றுக்குத் துணையாக்கும் சமையல் இது.

‘புதுச்சேரி உணவு’ என்றால் இன்று பெரும்பாலும் நகரத்துக் கிரெயோல் உணவே நினைவுக்கு வருகிறது. கிரெயோல் என்பது ஐரோப்பியச் சமையலும் தமிழ்ச் சமையலும் கலந்த முறை. உணவகப் பட்டியல்களும் சுற்றுலாக் கையேடுகளும் அதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. ஆனால் அந்த உணவுக்கு மணம் தரும் வடகம் நகரத்தில் பிறந்ததல்ல. பிரெஞ்சுக் கப்பல்களில் கரீபியன் கடல் வரை போன குழம்பும் நகரத்து மாளிகைகளின் சமையலறையிலிருந்து போகவில்லை. இரண்டும் நெல் விளையும் ஊர்களின் அடுப்படிக்கு உரியவை. அந்த அடுப்படியின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்களும் பொருளும்

‘குழம்பு’ என்னும் சொல் குழம்புதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று கலந்து கெட்டியான நிலையை அது குறிக்கும். பழைய இலக்கியங்களில் சந்தனக் குழம்பு போன்ற பூச்சுகளுக்கும் இச்சொல் வழங்கியது. உணவின் பெயராக அது நிலைபெற்ற பிறகும் ‘கெட்டியானது’ என்னும் பொருள் மறையவில்லை. குழம்பு நீர்த்துப் போனால் ‘சாறு மாதிரி இருக்கிறது’ என்று சொல்வது இதனால்தான்.

‘சாறு’ என்பது பிழிந்து அல்லது கரைத்து எடுத்த நீர். நகர்ப்புறத்தில் ரசம் என்ற சொல்லே பெருவழக்கு. ‘ரஸ’ என்னும் வடசொல்லுக்கும் சாறு என்பதே பொருள். மிளகுத் தண்ணீர், மிளகுச் சாறு என்னும் பெயர்களும் உண்டு. மிளகுத் தண்ணீர் என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் ‘முல்லிகட்டானி’ ஆயிற்று. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொற்பிறப்பைப் பதிவு செய்துள்ளது. ஆனால் ஆங்கிலேயர் அதில் இறைச்சியும் மாவும் சேர்த்து வேறொரு சூப்பாக மாற்றிவிட்டனர்.

தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் ‘ஆணம்’ என்ற சொல்லும் குழம்பையே குறிக்கும். மீன் ஆணம், புளியாணம் போன்ற பெயர்கள் காரைக்கால், நாகூர் பகுதிகளிலும் இலங்கையிலும் வழக்கில் உள்ளன.

நிலமும் நீரும்

வில்லியனூர் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ளது. செஞ்சிப் பகுதியிலிருந்து வருவதால் செஞ்சி ஆறு என்றும் அழைக்கப்படும் இந்த ஆறு, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலில் கலக்கிறது. வில்லியனூருக்கு வடக்கே உள்ள ஊசுடு ஏரி புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. அதற்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணை ஆற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. இந்தப் பாசனத்தால் பாகூர் ‘புதுச்சேரியின் நெற்களஞ்சியம்’ எனப்படுகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகியவை இங்குள்ள நெற்பருவங்கள்.

நிலத்தின் இந்த அமைப்பு குழம்புச் சட்டியிலும் தெரியும். ஏரியும் வாய்க்காலும் விரால், கெண்டை, கெளுத்தி, குறவை ஆகிய நன்னீர் மீன்களைத் தந்தன. வயல் வரப்புகளில் நண்டும் நத்தையும் கிடைத்தன. பாகூர் கொம்யூனின் கிழக்கு எல்லை கடற்கரை. நரம்பை, பனித்திட்டு போன்ற மீனவ ஊர்களிலிருந்து கடல் மீனும் கருவாடும் உள்ளூருக்கு வந்தன. மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்ற மீனவப் பெண்களே கடலையும் வயலையும் இணைத்த வணிகர்கள். பணத்துக்குப் பதில் நெல்லை வாங்கிக்கொண்டு மீன் தரும் பண்டமாற்றும் தமிழகக் கடலோர ஊர்களில் நெடுங்காலம் இருந்தது.

பழந்தமிழ்ச் சான்றுகள்

புதுச்சேரிக்கு வடக்கே திண்டிவனம், மரக்காணம் பகுதிகளை உள்ளடக்கிய நிலம் சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, இந்த வட்டாரத்தின் உணவைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய விவரணை. இதன் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

பாணன் செல்லும் வழியில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு உணவு கிடைக்கும் என்று இந்நூல் கூறுகிறது. கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் இறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கும். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் பகுதியாகவும், வேலூரை உப்புவேலூராகவும் அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். உலர்மீன், புளி, நண்டு ஆகிய மூன்றும் இன்றும் பாகூர், வில்லியனூர் குழம்புகளின் முதன்மைப் பொருள்கள். நில வகைக்கு ஏற்ப உணவு மாறுவதையும் அந்நூல் தெளிவாகக் காட்டுகிறது.

சமைக்கும் முறைக்குச் சான்றாகக் குறுந்தொகையின் 167-ஆம் பாடலைக் குறிப்பிடலாம். கூடலூர் கிழார் இயற்றிய இப்பாடலில், புதிதாக மணமான பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் பட, புளிப்புக் குழம்பைத் தானே சமைக்கிறாள். கணவன் அதை இனிது என்று உண்கிறான். தாளித்தல் என்னும் செயல் அக்காலத்திலேயே குழம்போடு இணைந்திருந்தது என்பதை இது உணர்த்துகிறது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகள் கிடைத்தன. அவை பெரும்பாலும் மதுச் சாடிகள். ஆலிவ் எண்ணெயும், ‘காரும்’ எனப்பட்ட உரோமானிய மீன் நொதிச்சாறும் வந்த சாடிகளும் அவற்றில் உண்டு. உலர்மீன் உண்ட கரையில் அயல்நாட்டு மீன்சாறும் வந்து இறங்கியிருக்கிறது.

கல்வெட்டுக் காலம்

பாகூரின் பழமைக்குச் சிறந்த சான்று பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, வாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. மாணவரும் ஆசிரியரும் வாழ்ந்த ஒரு நிலையத்தைத் தாங்கும் அளவுக்கு இவ்வட்டாரத்தில் விளைச்சல் இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன.

அதே நூற்றாண்டில் தமிழகத்தின் தென்கோடியில் எழுதப்பட்ட பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, கோயில் அமுதுக்கு வேண்டிய பொருள்களை விரிவாகப் பட்டியலிடுகிறது. புளிங்கறி, பொரிக்கறி என்று கறிகளின் வகைகள் அதில் உள்ளன. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஆகிய காயங்களும் குறிக்கப்படுகின்றன. ஒரு புளிக்குழம்புக்கோ மிளகுச் சாற்றுக்கோ இன்று எடுத்துவைக்கும் பொருள்களில் மிளகாயைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அப்போதே இருந்திருக்கின்றன.

மிளகாயும் பிற வரவுகளும்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல் காரமான காய் என்பதால் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்றது. மிளகு மேற்கு மலைத்தொடரின் மழைக்காடுகளில் விளைவது. சமவெளி உழவர் அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். மிளகாயோ வீட்டுக் கொல்லையிலும் காயும், உலர்த்தி ஆண்டு முழுவதும் வைக்கலாம். அதனால் காரம் எளியவர் சட்டிக்கும் வந்தது. மிளகு சாற்றிலும் மருந்துணவிலும் தங்கிக்கொண்டது. குழம்பை மிளகாய் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் கண்டவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மிளகுச் சாறும் பூண்டுக் குழம்பும் கொடுக்கும் வழக்கம் இந்தப் பிரிவினையை இன்றும் காட்டுகிறது.

பரங்கிக்காயும் அமெரிக்க வரவே. அதன் பெயரிலேயே பறங்கியர் இருக்கின்றனர். தக்காளி இன்னும் பிந்தியது. ‘தக்காளி’ என்னும் பெயர் முன்பு ஒரு நாட்டுச் செடியைக் குறித்தது. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றனர். ஊர்ப்புறத்தில் அது அன்றாடப் பொருளானது 20-ஆம் நூற்றாண்டில்தான். எனவே தக்காளி இல்லாத சாறே பழைய முறை. அதில் புளிப்புக்குப் புளி மட்டுமே போதும்.

துவரம் பருப்பு விலைக்கு வாங்கும் பொருளாகவே இருந்தது. பருப்புக் குழம்பும் சாம்பாரும் விருந்துக்கும் விசேட நாளுக்கும் உரியவையாக, அன்றாடம் புளிக்குழம்பே பல உழவர் வீடுகளில் நிலவியதற்கு இது ஒரு காரணம். சாம்பார் தஞ்சை மராத்தியர் அரண்மனையில் பிறந்தது என்பது செவிவழிக் கதை. அது உண்மையாயினும் இல்லாவிடினும், புளிக்குழம்பு அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

பிரெஞ்சு ஆட்சியும் உப்பும்

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். வில்லியனூரும் பாகூரும் உடனே பிரெஞ்சுக்காரர் கைக்கு வரவில்லை. 1749-இல் சந்தா சாகிப் இவற்றை அவர்களுக்கு அளித்தார். அதன்பின் நடந்த போர்களில் இப்பகுதி கை மாறியபடியே இருந்தது. 1752-இல் பாகூரிலேயே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்தது. 1783-இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதிகளாக வில்லியனூரையும் பாகூரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நகரத்துக்கு நெல்லும் வரியும் இங்கிருந்தே வர வேண்டியிருந்தது என்பதே இந்த அக்கறைக்குக் காரணம். 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் ஆட்சிமுறை வந்தபோது புதுச்சேரி, உழவர்கரை ஆகியவற்றோடு வில்லியனூரும் பாகூரும் தனிக் கொம்யூன்களாயின.

பிரெஞ்சு ஊர்களுக்கும் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்ட ஊர்களுக்கும் இடையே எல்லைகள் நேர்கோடாக இருக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. உறவும் பெண் கொடுக்கல் வாங்கலும் சந்தையும் எல்லையைத் தாண்டின. ஆகவே சமையல் முறையும் எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

எல்லை உறுத்திய ஒரு பொருள் உப்பு. ஆங்கிலேயரின் உப்பு ஏகபோகத்தைக் காக்க, 1815-இலும் 1818-இலும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கைகள் செய்துகொண்டனர். அவற்றின்படி பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பது நிறுத்தப்பட்டது. மக்களுக்குத் தேவையான உப்பை ஆங்கிலேயரிடமிருந்தே பிரெஞ்சு அரசு பெற்றது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் பணம் கிடைத்தது. கடல் பக்கத்திலேயே இருந்தும், அதன் நீரைக் காய வைத்து உப்பெடுக்கும் உரிமை கரையில் வாழ்ந்தவர்களுக்கு இல்லை. கருவாடு, வடகம், ஊறுகாய், வற்றல் ஆகிய சேமிப்பு உணவு அனைத்துக்கும் உப்பே அடிப்படை. அதனால் இந்த ஏற்பாடு அரசுக் கணக்கோடு நின்றுவிடாமல் சமையலறை வரை எட்டியது.

வடகம்: இவ்வட்டாரத்தின் அடையாளம்

குழம்பு வடகம், தாளிப்பு வடகம், வடவம் என்று பல பெயர்களால் அழைக்கப்படும் பொருளே இவ்வட்டாரக் குழம்பைத் தஞ்சை, செட்டிநாடு, கொங்கு நாட்டுக் குழம்புகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மற்ற இடங்களில் கடுகும் வெந்தயமும் தனித்தனியாகத் தாளிக்கப்படும். இங்கே அவை வெங்காயத்தோடும் பூண்டோடும் சேர்ந்து உருண்டையாகக் காய்ந்து, ஆண்டு முழுவதும் பானையில் இருக்கும்.

இது பிரெஞ்சு மொழியில் ‘வடூவான்’ ஆயிற்று. 2000-த்துக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்கச் சமையற்கலைஞரிடையே இப்பெயர் புகழ்பெற்றது. அங்கு விற்கப்படும் வடூவான் பெரும்பாலும் உலர்வெங்காயம் கலந்த மசாலாத் தூள். ‘பிரெஞ்சுக்காரர் தம் சுவைக்கேற்ப இந்தியாவில் உருவாக்கிய மசாலா’ என்று அது பலமுறை அறிமுகம் செய்யப்படுகிறது. இந்த விளக்கம் பொருந்தவில்லை. தாளிப்பு வடகம் கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு, பழைய வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளில் பரவலாக உள்ளது. இவற்றில் பெரும்பாலான ஊர்கள் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வாழ்ந்ததில்லை. வடகத்தின் பரவல் தமிழகத்தின் வடபகுதி உழவர் ஊர்களின் பரவலோடு ஒத்துப்போகிறதே தவிர, பிரெஞ்சு எல்லையோடு ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சு வீடுகளில் சமைத்த தமிழர் தம் வீட்டுப் பொருளை அங்கே கொண்டுபோனார்கள் என்று கொள்வதே இயல்பு.

வடகம் போடுவது பங்குனி, சித்திரை மாதங்களில். அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும். வெங்காயம் மலிவாகக் கிடைக்கும். வெயில் கடுமையாக இருக்கும். செய்முறை பின்வருமாறு:

1. 1 கிலோ சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். விழுதாக அரைக்கக் கூடாது.

2. இடித்த பூண்டு 150 கிராம், ஊற வைத்த உளுந்து 100 கிராம், கடுகு 75 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் தூள் 2 தேக்கரண்டி, கறிவேப்பிலை, தேவையான கல்லுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து ஓரிரவு மூடி வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இந்த அளவுகள் மாறும்.

3. மறுநாள் கலவையைப் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைக்க வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடக் கூடாது.

4. மாலையில் உருண்டைகளை உதிர்த்து அதே சாற்றில் பிசைந்து வைத்து, மறுநாள் மீண்டும் உருட்டிக் காய வைக்க வேண்டும். சாறு முழுவதும் உள்ளே இழுக்கப்படும் வரை இது தொடரும்.

5. கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கல் போலக் காயும் வரை வெயிலில் வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 7 முதல் 10 நாள் வரை ஆகும்.

இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கிறது. அந்த நீரிலேயே மணம் இருப்பதால் அது திரும்பச் சேர்க்கப்படுகிறது. பல நாள் ஊறலும் உலர்தலும் மாறி மாறி நடப்பதால் பச்சை வெங்காயத்தின் நெடி நீங்கி, ஆழ்ந்த மணம் வருகிறது. விளக்கெண்ணெய் பூச்சி வராமல் காக்கிறது. மேகம் மூடி வெயில் தவறினால் வடகம் பூசணம் பிடிக்கும். அதனால் வானத்தைப் பார்த்தே நாள் குறிப்பார்கள்.

கருவாட்டுக் குழம்பும் மிளகுச் சாறும் வைக்கும் முறை

நான்கு பேருக்கான கருவாட்டுக் குழம்புக்கு 150 கிராம் கருவாடு போதும். அதை வெந்நீரில் சிறிது நேரம் ஊற வைத்து, செதிலும் மணலும் போக நான்கைந்து முறை கழுவ வேண்டும். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். மண்சட்டியில் 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் பாதி வடக உருண்டையை உதிர்த்துப் போட வேண்டும். தீ குறைவாக இருக்க வேண்டும், இல்லையெனில் வடகம் கருகிக் கசக்கும். அது சிவந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய், முன்பே வேக வைத்த மொச்சை ஆகியவற்றை வதக்க வேண்டும். பிறகு 3 தேக்கரண்டி குழம்பு மிளகாய்த் தூளும் புளிக்கரைசலும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். பச்சை வாடை போய்க் குழம்பு கெட்டிப்பட்டு எண்ணெய் மேலே மிதக்கும் நேரத்தில் கருவாட்டைப் போட்டு 10 நிமிடத்தில் இறக்கலாம். கருவாட்டில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்பு சேர்க்க வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் புளியைக் குறைத்து மாங்காய்த் துண்டுகள் சேர்ப்பதுண்டு.

மண்சட்டி வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. புளியின் அமிலம் பித்தளையையும் செம்பையும் அரித்துக் களிம்பு ஏற்றும். அதனால்தான் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்கள். மண்சட்டியை அமிலம் எதுவும் செய்யாது. அடுப்பை அணைத்த பிறகும் சூடு மெல்லத் தணிவதால் புளியும் காரமும் காய்க்குள்ளும் மீனுக்குள்ளும் இறங்குகின்றன. மீன் குழம்பு மறுநாள் கூடுதல் ருசியாக இருப்பதற்கு இதுவே காரணம். முதல்நாள் குழம்பைப் பழைய சோற்றுக்குச் சுண்ட வைத்து உண்பதும் இவ்வூர்களின் வழக்கம்.

மிளகுச் சாற்றுக்கு நெல்லிக்காய் அளவு புளியே போதும். அதை 3 குவளை நீரில் கரைத்து மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்க விட வேண்டும். மிளகு 1 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பூண்டு 5 பல் ஆகியவற்றை அம்மியில் நுணுக்கிச் சேர்க்க வேண்டும். அதன்பின் சாறு தளதளவெனக் கொதிக்கக் கூடாது. நுரை கட்டி மேலே எழும்போதே இறக்கிவிட வேண்டும். மிளகு, சீரகத்தின் மணம் எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய்களில் இருக்கிறது. அதிகம் கொதித்தால் மணம் வீட்டில் பரவும், சாற்றில் நிற்காது.

ஆண்டுச் சுழற்சியும் வீட்டு நிலையும்

குழம்பு வகைகள் பருவத்தோடு மாறுகின்றன. மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சையும் அவரையும் வரும். பொங்கலன்று பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி முதலிய பல காய்கள் சேர்ந்த குழம்பு வைக்கப்படும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் துணையாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலுக்குப் போக முடியாது, காய்கறியும் வராது. அப்போது சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், கருவாடு, வடகம் ஆகியவற்றைக் கொண்டே குழம்பு வைப்பார்கள். இப்போது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடை உள்ளது. அந்த 61 நாளிலும் கருவாட்டுக்குத் தேவை கூடுகிறது.

ஒரே ஊரில் எல்லா வீட்டுக் குழம்பும் ஒன்றாக இருந்ததில்லை. நிலமுடையவர் வீட்டில் பருப்பும் நெய்யும் இருந்தன. நெல்லைக் கூலியாகப் பெற்ற உழைப்பாளர் வீட்டில் கூழும் கருவாடும், வயலில் பிடித்த நண்டும் நத்தையும் இருந்தன. கோயில் சார்ந்த குடும்பங்கள் புலால் நீக்கின. கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்காலத்தில் இறைச்சியை விலக்கின. சாதியும் சமயமும் சட்டிக்குள் போகும் பொருளை மாற்றின. ஆனால் புளியைக் கரைப்பதும் வடகத்தைத் தாளிப்பதும் பெரும்பாலும் பொதுவாக இருந்தன. ஏழை வீட்டுக் குழம்பின் ருசி முழுவதையும் அந்த ஒரு துண்டு வடகமே தாங்கிய நாள்கள் உண்டு.

கடல் கடந்த குழம்பு

பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் இந்த உணவு உலகின் பிற பகுதிகளுக்கும் சென்றது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லா பூர்தொனே மொரீசியசின் ஆளுநராக இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அங்கு வரவழைத்தார். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின. பிரெஞ்சுப் பகுதி ஊர்களிலிருந்தும் சுற்றியுள்ள ஆங்கிலேயர் பகுதி ஊர்களிலிருந்தும் மக்கள் கப்பலேறினர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே மாதம் முதல் தொகுதி இந்தியரை மார்த்தினிக் தீவில் இறக்கியது. 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கும் அதே கப்பல் சென்றது. 1880-களின் இறுதி வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் சென்றனர். ரெயூனியன் தீவுக்குச் சென்றவர் இன்னும் அதிகம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமும் பலரைக் கப்பலுக்குத் தள்ளியது.

இவர்களின் வழித்தோன்றல்கள் கரீபியன் தீவுகளில் தமிழ் பேசும் வழக்கத்தை இழந்தனர். உணவின் பெயர் மட்டும் தங்கியது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இறைச்சியோ கோழியோ சேர்த்து வைக்கும் குழம்புக்குக் ‘கொலம்போ’ என்று பெயர். கொத்தமல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம், மிளகு ஆகியவை சேர்ந்த தூளுக்கும் அதே பெயர். இலங்கையின் கொழும்பு நகரத்தின் பெயரால் இது வந்தது என்பது ஒரு விளக்கம். தமிழ்க் ‘குழம்பு’ என்னும் சொல்லே திரிந்தது என்பது மற்றொன்று. அத்தீவுகளுக்கு வந்தவர்கள் கொழும்பிலிருந்து வரவில்லை, குழம்பு வைத்த ஊர்களிலிருந்தே வந்தார்கள் என்பதால் இரண்டாவது விளக்கத்துக்கே வலு அதிகம். இன்று இந்தியர் அல்லாதவரும் அதைத் தம் தீவின் உணவாகக் கருதுகின்றனர்.

ரெயூனியனிலும் மொரீசியசிலும் ‘ராசோன்’ என்ற பெயரில் ரசம் வாழ்கிறது. மொரீசியசில் தமிழர் சடங்குகளின்போது வாழையிலையில் ‘ஏழு கறி’யோடு அதுவும் பரிமாறப்படுகிறது. வடகம் மட்டும் கரீபியன் குழம்புத் தூளில் இல்லை. காயவைத்த விதைகளைத் தூளாக்கி எங்கும் செய்துகொள்ளலாம். வடகத்துக்குச் சின்ன வெங்காயமும், தொடர்ந்து சில நாள் வெயிலும், செய்யத் தெரிந்த கையும், கூலி வேலையில் கிடைக்காத ஓய்வும் வேண்டும்.

இன்றைய நிலை

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பு பிரெஞ்சு ஆட்சிக்கு முடிவு கட்டியது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. கொம்யூன் என்ற சொல் மட்டும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற வடிவில் நிலைத்திருக்கிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் ஊர்ச் சமையலறை மாறியுள்ளது. மண்சட்டியின் இடத்தை அலுமினியமும் எவர்சில்வரும் பிடித்தன. அம்மியின் இடத்தை மிக்சி பிடித்தது. கடையில் வாங்கும் குழம்புத் தூள் எல்லா ஊர்களின் சுவையையும் ஒன்றுபோல் ஆக்குகிறது. வடகம் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் வடகம் போட ஒரு வாரமாவது மொட்டை மாடியும், வெயிலும், வீட்டில் இருக்கும் ஒருவரும் வேண்டும். வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் இவை சேர்ந்து அமைவது அரிது.

இதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால் புதுச்சேரியின் அரசியலும் வணிகமும் நமக்கு நெருக்கமாகத் தெரிகின்றன. நகரத்து உணவுக்கு உணவகங்களும் நூல்களும் சாட்சி. வில்லியனூர், பாகூர் ஊர்களின் சமையலை எழுதி வைத்தவர் குறைவு. அது பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கையளவாக வந்தது. ‘ஒரு பிடி’, ‘கண்ணளவு’, ‘எலுமிச்சை அளவு’ என்பனவே அதன் எழுத்து. எழுதப்படாததால்தான் வடகத்தை வேறொருவர் கண்டுபிடிப்பாகச் சொல்ல முடிகிறது.

வீட்டில் வடகம் போடும் மூத்தவர் இருந்தால், அவர் கையளவை ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். அவர் பிறந்த ஊர், புகுந்த ஊர், எந்த மாதத்தில் எத்தனை நாள் காய வைத்தார், எதற்கு என்ன பெயர் சொன்னார் என்பவற்றையும் சேர்த்து எழுதலாம். சில ஊர்களின் குறிப்புகள் சேர்ந்தாலே, இந்த வட்டாரத்துக் குழம்பின் வரலாற்றை அதைச் சமைத்தவர்களின் சொற்களிலேயே எழுத வழி பிறக்கும்.